நல்லெண்ணெய் குடிச்ச ஜீப்

பாண்டித்துரை ஜீப்பில் ஏறுகிறவர்கள் முதலில் அவன் வாயில் விழுந்து எழும்ப வேண்டும். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, உடம்பெல்லாம் வழிய வழிய அருவிக்குப் போக வருவார்கள். "பின்னால போங்கய்யா! முன்சீட்டுல சொட்டு எண்ணெ பட்டுது, நடுரோட்டுல இறக்கி விட்டுருவேன்" என்று கத்துவான்.

முன்பக்கம் அவனுக்குச் சாமி சந்நிதி. காலடியில் சாக்கு விரித்து, நடைக்கு நடை தண்ணி ஊற்றிக் கழுவுவான். பின்பக்கம் எக்கேடும் கெடட்டும்.

மலையாளத்து எஸ்டேட்டில் தேயிலை சுமந்து களைத்த பழைய வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். அவன் வாங்கி வந்த அன்றைக்கே, "எனக்குச் சக்களத்தியக் கொண்டாந்துட்டியளோ" என்றாள் பெண்டாட்டி நாச்சியார். பொய்யில்லை.

இந்த வருஷம் சாரல் விழுந்த முதல் நாள், ஆள் ஏற்றப் போகிற வழியில் குதிகாலைக் கொஞ்சம் அழுத்தி ஊன்றினான். கால் தகட்டைப் பொத்துக்கொண்டு வெளியே போய்விட்டது. செருப்பு ரோட்டில் கிடந்தது.

தென்காசியில் டிங்கர் பட்டறை வைத்திருக்கும் மசூது சாக்கைத் தூக்கிப் பார்த்தான். தரை சல்லடை.

"ஈரச்சாக்கப் போட்டுத் துருவுக்குத் தாலாட்டா பாடினீரு?"

"சுத்தமா வச்சிருந்தேம்வே!"

"ஆமா. துருவும் சுத்தமாத் தின்னுட்டு."

பாண்டித்துரைக்குச் சிரிப்பு வரவில்லை.

"தரைக்குத் தகடு வெட்டி ஒட்டிரலாம்" என்றான் மசூது. "வண்டியத் தாங்குற சட்டம், சேஸ், போயிருந்தாத்தான் கஷ்டம். முன்னால இஞ்சின் ஆயில் கசிஞ்சு காப்பாத்திரும். பின்னாலதான் சேறு அப்பி அரிச்சுப்போவும். அப்படின்னா காயலாங்கடைதாம்வே."

வண்டி போனால் பாண்டித்துரை எவன் வாசலிலாவது நின்று, கூலிக்கு ஓட்டச் சாவிக்குக் கை நீட்ட வேண்டும். அந்தப் பிழைப்புக்கு அவன் வாய் ஆகாது.

மசூது வண்டிக்கடியில் படுத்தான். பின் சேஸில் கறுப்பாக அடை அடையாய் அப்பியிருந்ததைச் சுரண்டினான். பிறகு விரலை மோந்து பார்க்கிற சத்தம்.

"என்னவே, போச்சா?"

"நல்லெண்ணெவே இது! மூலிகை வாசங்கூட வருது."

பின்தரையின் போல்ட்டு ஓட்டை வழியாக வருஷக்கணக்கில் ஒழுகிய எண்ணெய். அடையைப் பெயர்த்தால் உள்ளே இரும்பு மினுமினுவென்று இருந்தது. மசூது சுத்தியலால் ஒரு போடு போட்டான்.

டங்!

"குத்தாலத்துக்கு வந்த அத்தனை பேரும் உம்ம வண்டிக்கு மசாஜ் பண்ணிட்டுப் போயிருக்கானுவ!" மசூதுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது.

"அவங்களையா அந்த ஏச்சு ஏசினேன்!" என்று தலையில் கை வைத்த பாண்டித்துரை, சட்டென்று நிமிர்ந்தான். "இருவே. நான் ஏசினதாலதான பின்னால போனாங்க? அப்போ சேஸக் காப்பாத்தினது நாந்தான!"

"முன்தரையத் தொலைச்சதும் நீருதான்."

அது காதில் விழவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனும் உள்ளே புகுந்து சுத்தியலைப் பிடுங்கினான். டங். ஒரு முழம் நகர்ந்து, டங். அந்தப் பக்கம் உருண்டுபோய், டங், டங். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களில் சாரல் விழுந்துகொண்டிருந்தது.

"போதும்வே, தட்டித் தட்டியே நெளிச்சிருவீரு! வெளிய வாரும், தகடு வெட்டணும்."

"நீரு வெட்டும். நான் இன்னும் அந்த மூலையக் கேக்கல" என்றான் பாண்டித்துரை.