நாலு பேரும் வர்றோம்

கொட்டச்சேடு டீக்கடையில் ஏற்காடு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். மூடுபனி விலகி வெயில் வருகிறது. காப்பிப் பழம் பறிக்கக் கிளம்பிய நான்கு பெண்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து, கடை டிவியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நம் ஆயத்த ஆடைகளுக்கு வெளிநாடு ஒன்று விதித்த இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்த, இரண்டு அரசுகளும் பேசி ஒப்புக்கொண்டதாகச் செய்தி ஓடுகிறது.

"நாங்க நாலு பேரும் திருப்பூர்ல டெய்லருங்க" என்கிறார் மூத்தவரான சாந்தி. "அவங்க துணி வாங்கறதைக் குறைச்சதும் எங்களை ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க. பேச்சுவார்த்தை முடிஞ்சாக் கூப்புடறோம்னாங்க. அதான் சீரியலை உட்டுட்டு நியூஸ் பாக்கறோமுங்க."

உடனே கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் போடுகிறார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைக்கிறார்.

"இப்போதைக்கு ரெண்டு பேர் வந்தாப் போதும்மா" என்கிறது குரல்.

மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் டம்ளரைப் பார்க்கிறார்கள்.

"ஏனுங்க சார், வந்தா நாலு பேரும் வர்றோம். இல்லீன்னா இங்கேயே பழம் பறிக்கறோமுங்க. இந்த வருசம் நொம்ப நல்லாக் காய்ச்சிருக்குது" என்கிறார் சாந்தி.

போனில் தாள் புரட்டும் சத்தம் கேட்கிறது.

"சரி, நாலு பேரும் வாங்க. திங்கட்கிழமை வந்துருங்க."

"பறிப்பு முடிஞ்சதும் வர்றோமுங்க."

அதற்கும் அவர் சரி என்கிறார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.

"ஏனுங்க்கா, அவரு முடியாதுன்னிருந்தா?" என்று இளையவள் கேட்கிறாள்.

"உங்களை உட்டுட்டுப் போயி, நாலு பேரும் தங்கியிருந்த அந்த ரூமுல நான் யாருகூடக் கண்ணு சோறு திங்கறது?" என்கிறார் சாந்தி.