பொட்டு வைத்த மோட்டார்

குளுவாங்கைத் தாண்டி காஹாங் போகும் சாலையில், செம்பனைத் தோட்டத்து ஓரமாக, என் மோட்டார் சைக்கிளின் செயின் கழன்று தொங்குகிறது. பின்பெட்டியில் தங்கை மகளின் கல்யாண மாலைகள் இருக்கின்றன. முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

சாலையோரத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்கும் அக்கா வந்து பார்க்கிறார். முன்விளக்கில் சந்தனமும் குங்குமமும், கைப்பிடியில் எலுமிச்சம்பழமும் அவர் கண்ணில் படுகின்றன.

"பூசையெல்லாம் பலமா இருக்கே அண்ணே. செயினுக்கு எண்ணெய் விட்டீங்களா?"

"போன வாரம்தான் நல்லா கழுவினேன்."

"கழுவினா போதுமா லா? துருவைப் பாருங்க. பொட்டு வெச்ச கையோட ரெண்டு சொட்டு விட்டிருந்தா சாமி கோவிச்சுக்குமா?"

சிரித்துக்கொண்டே தன் மோட்டாரிலிருந்து எண்ணெய் போத்தலை எடுத்து வருகிறார். அவர் பின்சக்கரத்தை மெல்ல உருட்ட, நான் செயினைப் பல்சக்கரத்தில் ஏற்றுகிறேன். முக்கலும் முனகலும் இல்லாமல் சுற்றுகிறது. சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் மாலைப் பெட்டியைத் தொட விடுகிறார்.

கண்ணாடியில் பார்த்தால் கன்னத்தில் செயின் கரி. துடைக்கக் கை போகிறது.

"அது இருக்கட்டும்ணே. கல்யாண வீட்ல உங்க மேல யாரு கண்ணும் படாது."

மோட்டாருக்குக் குங்குமம், எனக்குக் கரி. இருவரும் பொட்டோடு கிளம்புகிறோம்.