பிகோனியாவுக்கு ஒரு கோழிக் கொட்டகை

ஏற்காட்டிலிருந்து நான் வாங்கி வந்த பிகோனியா பூச்செடி ஒன்றுகூட எங்கள் வீட்டில் சித்திரையைத் தாண்டியதில்லை. நாமக்கல் வெயில் அப்படி. மாசியிலேயே இலை ஓரம் கருகும், பங்குனியில் தண்டு சாயும். நான் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, அடுத்த முறை மலைக்குப் போகும்போது வெட்கமில்லாமல் இன்னொன்று வாங்கி வருவேன்.

என் வீட்டுக்காரர் கோழிக்காரர். நான் வாழ வந்த நாளிலிருந்து எங்கள் தோட்டத்தில் முட்டைக்கோழிப் பண்ணை இருந்தது. அவருடைய இழுப்புக்குத் தீவனத் தூசி ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், இரண்டு வருடங்களுக்கு முன் கோழிகளை விற்றுவிட்டு, கூண்டுகளைப் பழைய இரும்புக்குப் போட்டோம். இழுப்பு நின்றது. கூடவே அவரும் நின்றுபோனார். விடியும் முன்பே எழுந்துவிடுவார்; எங்கே போவதென்று தெரியாமல் வாசலில் நிற்பார். ஷெட்டிலிருந்து வரும்போதே பசி பசி என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்த மனிதர், இப்போது கூப்பிட்டால் வந்து உட்கார்ந்தார், பாதித் தட்டோடு எழுந்தார். கூப்பிடாவிட்டால் அதுவும் இல்லை. ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

பின்கட்டில் சின்னதாக ஒரு பசுமைக்குடில் வேண்டும் என்று நான் அடம்பிடித்தது பாதி பிகோனியாவுக்காக, பாதி அவருக்காக. அவர் காதிலேயே வாங்கவில்லை. பெங்களூரிலிருக்கும் மகன்தான் கேட்ட மறுவாரமே ஒன்று அனுப்பிவைத்தான். பிளாஸ்டிக் குழாய், கண்ணாடி மாதிரி ஒரு தாள், முன்னால் ஜிப். காலையில் மாட்டி இரண்டு தொட்டிகளை உள்ளே வைத்தேன். சாயங்காலம் ஜிப்பைத் திறந்தபோது செடிகள் கடைந்த கீரையாகக் கிடந்தன. குளிர் ஊருக்குச் செய்ததை வெயில் ஊரில் வைத்தால் வேறென்ன ஆகும்?

அவர் எழுந்து வந்தார். உள்ளே கையை விட்டுப் பார்த்தார், ஒரு சுற்று சுற்றி வந்தார். "மேல காத்துப் போறதுக்கு வழியே உடாம எவன் இதைச் செஞ்சான்? உள்ளார இருக்கறது உசுருன்னு நெனப்பு வேண்டாமா?" என்றார். அத்தனை நீளமாக அவர் பேசிக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. அந்தத் தாளில் இப்போது நான் மிளகாய் காயப்போடுகிறேன்.

அதன் பிறகு குடில் அவர் கைக்குப் போய்விட்டது. சேலத்துக்குப் போய் நிழல்வலை வாங்கினோம். இருப்பதிலேயே அடர்த்தியானதை நான் கேட்டேன். அதற்குள் செடி இருக்கும், பூ வராது என்று கடைக்காரர் சொல்ல, நடுத்தரமான ஒன்றுக்கு இறங்கி வந்தேன். எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை. சமைத்துக்கொண்டே பார்க்கிற மாதிரி அடுப்படி ஜன்னலுக்கு நேராக நீளவாக்கில் வேண்டும் என்பது என் கட்சி. கிழக்கு மேற்காகத்தான் நீளம் ஓட வேண்டும், இல்லையென்றால் காலை வெயிலும் சாயங்கால வெயிலும் விலாவில் அறையும் என்பது அவர் கட்சி. இது கோழியில்லை, செடி என்று நான் சொல்லச் சொல்ல அவர் கயிறு கட்டி அளந்துகொண்டிருந்தார். இன்றைக்கும் என் ஜன்னலிலிருந்து குடிலின் கதவு மட்டும்தான் தெரியும்.

இரும்புக் குழாய்களை ஊன்றி, முகட்டில் அனல் வெளியேற இடைவெளி விட்டு, அடியில் எலி நுழையாமல் கம்பிவலை அடித்தார். எல்லாவற்றையும் இரும்புக்காரனுக்குப் போட்டாயிற்று என்று நான் நினைத்திருக்க, கோழிகளுக்கு அனல் தணியத் தண்ணீரைப் புகையாகத் தூவும் பண்ணையின் பனித்தூவிக் குழாய்கள் மோட்டாரோடு பரணிலிருந்து இறங்கின. எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறார். மேற்குப் பக்கம் நனைத்துவிடுவதற்குச் சாக்குப் படுதா தொங்கியது. அதுவரைக்கும் சரி. ஒரு நாள் நடுவில் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டார்.

"லைட்டு எதுக்குங்க?" என்றேன்.

வெளிச்சம் குறைந்தால் என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். வெளிச்சம் குறைந்தால் முட்டை குறையும். அதற்காகப் பண்ணையில் விடியுமுன்பே விளக்குப் போடுவார்கள். என் பிகோனியா என்றைக்கு முட்டையிடப் போகிறது என்று நான் அன்று முழுக்க அவரை ஓட்டினேன். சிரித்தார். பல்பை மட்டும் கழற்றவில்லை.

அடுத்து குடிலின் வாசற்படியில் சிமெண்டுத் தொட்டி ஒன்று வந்தது, உள்ளே மருந்து கலந்த ஊதாத் தண்ணீர். வெளியிலிருந்து நோய் வராமலிருக்கக் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பண்ணையில் அது சட்டம். பூப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மாவையும் நனைக்க வைத்துவிட்டார். அந்த அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டது. நான் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. என் குடிலுக்குள் நான் போக எனக்கு என்ன மருந்து? தினமும் சேலையைத் தூக்கிக்கொண்டு தொட்டியைத் தாண்டினேன். தினமும் அவர் முணுமுணுத்தார்.

மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் செடிகள் செழித்தன. ஆனாலும் அவர் தட்டில் பாதி அப்படியேதான் மிஞ்சியது.

கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம் கரண்டு போனது. கண் விழித்தேன், பக்கத்தில் அவரைக் காணோம். பண்ணை இருந்த காலத்தில் இப்படி ஒரு மத்தியானம்தான், ஜெனரேட்டரும் கைவிட, பனித்தூவி நின்று, வரிசை வரிசையாகக் கோழிகள் வாயைப் பிளந்து செத்தன. அதிலிருந்து மோட்டார் சத்தம் நின்றால் அவர் தூக்கம் கலைந்துவிடும்.

பின்கட்டுக்கு ஓடினேன். குடிலுக்குள் சட்டையெல்லாம் நனைய, வாளியில் மொண்டு சாக்குகளை நனைத்துக்கொண்டிருந்தார். பிறகு தெளிப்பானை எடுத்து ஒவ்வொரு இலையாகத் தெளித்தார். நான் நிற்பது அவருக்குத் தெரியவில்லை.

"பொறுத்துக்கங்க சாமி. இப்ப வந்துரும், கரண்டு இப்ப வந்துரும்."

கோழிகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அவை லாரியேறிப் போன பிறகு அந்தச் சாமியை நான் அவர் வாயால் கேட்டதில்லை.

போய்ப் படுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். திரும்பிப் பார்த்தார். முகத்தைத் துண்டில் துடைத்தார்.

"கரண்டு வர்ற வரைக்கும் நான் நகர மாட்டேன். பசிக்குது புள்ள. சோறு இருந்தா இங்கயே கொண்டா."

அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன். பிறகு மிச்சமிருந்த சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து, சின்ன வெங்காயம் உரித்து வைத்து, தட்டு நிறைய எடுத்துக்கொண்டு போனேன். வழக்கம்போல ஒரு கையால் சேலையைத் தூக்கித் தாண்டப் போனேன். அவர் தட்டைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தார்.

"நனைச்சுட்டு உள்ளார வா."

இரண்டு காலையும் அந்த ஊதாத் தண்ணீரில் வைத்தேன்.