ஸைனம்புவும் வெள்ளைக்கார மையித்துகளும்

மருதமுனைத் தெருவில் மையித்தைச் சுமந்து ஜனாஸா ஊர்வலம் போனால் ஸைனம்புவின் தறி நின்றுவிடும். “ஆருட புருசன்?” என்று வேலிக்கு மேலால் கேட்பாள். பெயரைச் சொன்னதும், “மையித்தக் கண்ணால கண்டவள். குடுத்து வெச்சவள்,” என்று முணுமுணுத்து தறி நாடாவை எறிவாள். அந்த வேகத்தில் நூல் அறுந்தால், செத்தவனின் பெண்சாதிக்கும் சேர்த்து ஏச்சு விழும். விதவைகளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் ஊரிலேயே இவள் ஒருத்திதான்.

கடலுக்குப் போன அவளுடைய புருசன் சரீப் திரும்பவில்லை. உடைந்த தோணி கரைக்கு வந்தது. கூடப் போன இருவரின் மையித்துகளும் வந்தன. “இத்தா இரு,” என்று பள்ளிவாசல் லெப்பையும் ஊரும் சொல்லிக் களைத்தார்கள். விதவையானவள் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் நான்கு மாதத்துக்கு மேல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். “மையித்தக் காட்டுங்க, இரிக்கன்,” என்பதுதான் அவள் பதில். வருடங்கள் போயும் சாயச் சேலையோடு தறியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் நெய்த சாரன் வாங்கப் போகும் அந்நிய ஆணான எனக்கே வாசலுக்குள் பாய் விரித்து வெற்றிலைத் தட்டமும் வைப்பாள்.

சென்ற மாதம் பொறாமைப்பட அவளுக்குப் புதிதாக ஓர் ஆள் கிடைத்தாள். உலகச் சண்டைக்காலத்தில் எங்கள் கடலில் விழுந்த ஆகாயக் கப்பலோடு அதன் விமானிகளான இரண்டு வெள்ளைக்காரர்கள் காணாமல் போயிருந்தார்கள். சிக்கிய வலைகளை முக்குளித்து எடுப்பதில் கைகாரனான ஹமீட், சரீபின் தம்பி, அந்த இரும்புக்கூட்டுக்குள்ளிருந்து அவர்களின் எலும்புகளை மேலே கொண்டுவந்தான். அவர்களைத் தேடி வந்த துரைமார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று அவற்றைப் பெட்டியில் வைத்தார்கள்.

“சீமையில ஒருத்திக்கு எலும்பு போகுது. எனக்கு ஒரு பல்லுக்கும் வழியில்ல,” என்றாள் ஸைனம்பு. கண்ணால் காணாத அந்த வெள்ளைக்காரிமீது அப்படி ஓர் எரிச்சல். “அவள் என்ன, என்னைவிடக் கூட அழுதிருப்பாளோ?”

நேற்று ஹமீட் வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

“தம்பி, வெள்ளக்காரனத் தேடின நீ, உன்ட கூடப்பொறந்த காக்காவையும் தேடன்.”

ஹமீட் தலையைக் குனிந்துகொண்டான். “தேடாமலா மதினி? அவங்க இரும்புக்குள்ள இருந்தாங்க, கடல் கொண்டுபோகல்ல. காக்கா வெறுந்தண்ணியிலதானே.”

ஸைனம்பு நாடாவைக் கீழே வைத்தாள். பிறகு தறியை விட்டு எழுந்தாள். முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, “ரெண்டு ஆம்புளையளும் வெளியில போங்க,” என்றாள். நாங்கள் முற்றத்தில் இறங்கியதும் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.