ரெமிக்கு ஒரு பாட்டு

தாரியும் மாவியாவும் எங்கள் தலைக்கு மேலேதான் குடியிருந்தார்கள். ஐஸ்வாலின் மலைச்சரிவில் எங்கள் கூரை முடியும் இடத்தில் அவர்கள் வாசல் தொடங்கும். அவர்கள் கிடாரை முடுக்கினால் எங்கள் அடுக்களைத் தட்டுகள் தாமாகவே நகரும். "மேல பூமி அதிருது, தட்டு ஓடறதுக்குள்ள சாப்பிட்டு எந்திரிங்க" என்பார் என் கணவர்.

தாரி சபைப் பாடகர் குழுவில் முன்வரிசைக்காரி. அவள் குரல் மேலே ஏறும்போது, தூங்கிக்கொண்டிருக்கும் ஆண்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். மாவியா பேட்டை ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொள்பவன். யார் வீட்டில் சாவு, எந்தப் பாதை சரிந்திருக்கிறது, தண்ணீர் எப்போது வரும் என்பதெல்லாம் அவன் கட்டிய கம்பி வழியாகத்தான் எங்கள் காதுக்கு வரும்.

குழுவின் மைக் ஒன்று கெட்டுப்போனபோது அதைச் சரிசெய்யக் கொடுக்க அவன் கொட்டகைக்குப் போனாள் தாரி. உள்ளே ஆள் அலறும் சத்தம். கரண்டு பிடித்துவிட்டது என்று நினைத்து, வாசலில் கிடந்த மூங்கிலை எடுத்து அவன் தோளில் ஒரு போடு போட்டாள்.

"அய்யோ! எதுக்குடி அடிக்கிற?"

"கரண்டு அடிச்சிருச்சுன்னு நெனச்சேன்."

"பாடிக்கிட்டு இருந்தேன்."

"இதுக்குப் பேரு பாட்டா?"

"அப்ப நீ பாடிக் காட்டு பாப்போம். தொண்டையில இருந்து கத்தாத, புண்ணாயிரும். வயித்துல இருந்து எடு."

அவள் எடுத்தாள். அவனுடையதைவிட ஆழமான உறுமல் அது. தனக்குள் அப்படி ஒன்று இருப்பது அதுவரை தனக்கே தெரியாது என்று பிறகு என்னிடம் சொன்னாள். மாவியா கிடாரைக் கீழே வைத்துவிட்டு, அடிபட்ட தோளைத் தேய்த்தபடி வெகுநேரம் சிரித்தானாம். மறுவருடம் கல்யாணம்.

இருவரும் சேர்ந்து தொடங்கிய குழுவுக்கு 'த்லாலேர்' என்று பெயர் வைத்தார்கள். வனாந்தரம் என்று பொருள். அவன் கிடாரும் மேளமும், அவள் குரல். கிடார் அலற, குரல் உறும வரும் மெட்டல் இசை என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் ஒரு பாட்டு போல இன்னொன்று இருக்காது. ஒன்றில் மூங்கில் குழல் வரும். ஒன்று அமெரிக்க மாடு மேய்ப்பவர்கள் பாடுவது போலத் தொடங்கி இடி மாதிரி முடியும். இன்னொன்றில் தாலாட்டு. எல்லாமே ஆண்டவரைப் பற்றியதுதான். "நேத்து மாடு மேய்ச்சீங்க, இன்னிக்குப் பேய் ஓட்டுறீங்க, நாளைக்கு என்ன?" என்று கடைத்தெருவில் பையன்கள் கேட்பார்கள். "நாளைக்கு உனக்குக் கல்யாணப் பாட்டு, பொண்ணுதான் கிடைக்கல" என்பாள் தாரி.

சபை மூப்பர் ரோகாமா அவர்களைக் கூப்பிட்டுக் கண்டித்தார். நானும் அன்று பெண்கள் சங்க வேலையாக அங்கே இருந்தேன்.

"ஆண்டவர் உனக்குத் தேன் மாதிரி குரலைக் கொடுத்திருக்காரு. நீ ஏம்மா மிருகம் மாதிரி உறுமற?"

"கெத்செமனே தோட்டத்துல ஆண்டவரு அழுதப்போ இனிமையாவா அழுதிருப்பாரு, மூப்பரே?"

மாவியா தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினான். மூப்பரின் மனைவி சாங்கியம்மா மட்டும் தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்தவர், அப்படியே நின்று தாரியை ஒரு மாதிரி பார்த்தார். கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கல்யாணமாகி நாலைந்து வருடம் கழித்து தாரி உண்டானாள். பேட்டைப் பெண்கள் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு உறுமாதே, பிள்ளை பயந்துவிடும் என்றார்கள். "அதுக்கு இந்தச் சத்தம்தான் வீடு, பாரி அக்கா. நான் பாடினா உள்ள உதைக்குது பாருங்க" என்று என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். உண்மைதான், உதைத்தது. அந்த மாதங்களில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, என் கணவர் வறுக்கும் பன்றி இறைச்சியைச் சட்டியிலிருந்தே எடுத்துத் தின்பாள். "உன் பிள்ளை மாவியா ஜாடையில பிறக்காது, பன்னி ஜாடையிலதான் பிறக்கும்" என்பார் அவர். "ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கா என்ன?" என்று மேலே இருக்கும் புருஷனுக்குக் கேட்கும்படி கத்துவாள்.

எட்டாம் மாதம் ஒரு காலையில் இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, நேத்துல இருந்து உதைக்கல."

மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். கொடி சுற்றியிருந்தது என்றார் மருத்துவர். பெண் குழந்தை. தலை நிறைய முடி. மாவியாவின் சப்பை மூக்கு அப்படியே இருந்தது.

எங்களில் ஒருவர் இறந்தால் ஒலிபெருக்கி சொல்லும். வாலிபர் சங்கத்தார் குழி வெட்டுவார்கள். ஊரே வந்து உட்கார்ந்து, தோல் மேளத்தின் மெதுவான தட்டுக்கு நாள் கணக்காகப் பாடும். சாவு வீட்டுக்காரர்கள் தனியாக அழவே முடியாது. ஆனால் மூச்சு விடாமல் பிறந்த பிள்ளைக்கு அப்போது எங்கள் பேட்டையில் அந்த வழக்கம் இல்லை. அதற்குப் பெயர் இல்லை, அறிவிப்பு இல்லை, பாட்டும் இல்லை. மாவியாவும் இரண்டு மூன்று பேரும் சின்னப் பெட்டியைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிட்டார்கள். வழியில் அவன் ஒலிபெருக்கி அறைக்குப் போயிருக்கிறான். சாவி அவனிடம்தானே இருக்கிறது. மைக் முன்னால் உட்கார்ந்தவன், என்ன பெயர் சொல்வது என்று தெரியாமல் பூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

மூன்றாம் நாள் தாரிக்குப் பால் கட்டிக்கொண்டது. நான்தான் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"நான் உறுமினதாலயா அக்கா?"

"யாரு சொன்னா?"

"தண்ணிக் குழாய்கிட்ட எல்லாரும் சொல்றாங்களாம்."

"கொடி சுத்தினதுக்கு நீ என்னடி பண்ணுவ? சொன்னவ நாக்கு அழுகட்டும்."

அன்றுமுதல் வெகுநாள் யாரிடமும் பேசவில்லை. பாடகர் குழுவுக்கும் போகவில்லை. மேலேயிருந்து எந்தச் சத்தமும் வராதது எங்களுக்குத்தான் பயமாக இருந்தது. என் கணவர் சாப்பிடும்போது அடிக்கடி மேலே பார்ப்பார்.

மழைக்காலம் முடிந்து ஒரு முற்பகலில் அந்த உறுமல் கேட்டது. பாட்டு இல்லை, சொல் இல்லை. நான் கையிலிருந்த கீரையைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன். தாரி சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். மாவியா அவள் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தான். என்ன செய்வது என்று தெரியாமல் சாவு வீட்டுத் தோல் மேளத்தை எடுத்து மடியில் வைத்து, இரண்டிரண்டாக, மெதுவாகத் தட்டினான். அவள் உறுமல் அந்தத் தட்டுக்குள் மெல்ல வந்து உட்கார்ந்தது. பிறகு அது தானாக மேலே ஏறி அவளுடைய பழைய குரலாக மாறியது. நான் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அதுதான் அந்தப் பாட்டு. கிடாரைக் கடைசியில்தான் சேர்த்தார்கள். பாட்டு முழுவதும் ஒரே ஒரு சொல், அது ஒரு பெயர். ரெமி. அமைதி என்று அர்த்தம். மகளுக்கு அந்தப் பெயரை வைத்தது தாரி.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் வாலிபர் சங்க மண்டபத்தில் பகல் நிகழ்ச்சி. பையன்கள் தலையை ஆட்டிக் குதிக்க வந்திருந்தார்கள். மூப்பர் ரோகாமா கண்காணிக்க வந்து, மனைவியோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேளம் தொடங்கியதுமே எல்லோருக்கும் புரிந்துவிட்டது, அது சாவு வீட்டுத் தட்டு என்று. குதிக்க வந்தவர்கள் நின்றார்கள். தாரி அந்தப் பெயரை உறுமினாள், பிறகு பாடினாள், மறுபடி உறுமினாள்.

பின்வரிசையிலிருந்து சாங்கியம்மா எழுந்தார். சாவு வீட்டில் துக்கம் தாங்காதவர்கள் நடுவே வந்து ஆடுவது போல, கைகளை லேசாக விரித்து, மெதுவாக ஆடிக்கொண்டே மேடைக்கு முன்னால் வந்தார். "தாங்கா" என்று ஒரு பெயரைச் சொன்னார். சத்தமாக இன்னொரு முறை, "தாங்கா." பிறகு எங்கள் தெருமுனைத் தையற்காரி எழுந்தாள். அவள் சொன்ன பெயர் சரியாகக் கேட்கவில்லை. அப்புறம் இன்னும் சிலர். இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. மூப்பர் தலையைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு விடாமல் பிறந்த தங்கள் முதல் பிள்ளைக்கு மனைவி ஒரு பெயர் வைத்திருந்தது முப்பது வருடமாக அவருக்கே தெரியாதாம்.

அதற்குப் பிறகு பேட்டையில் எல்லோரும் அவர்களை ரெமி அம்மா, ரெமி அப்பா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிள்ளை பெற்றவர்களை அப்படிக் கூப்பிடுவதுதான் எங்கள் வழக்கம். முதல்தடவை கூப்பிட்டபோது தாரி திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்விட்டாள். வீட்டுக்குள் போய் அழுதிருக்கிறாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் பாட்டு கைபேசிகள் வழியாக மலையைவிட்டு இறங்கிப் போய்விட்டது. லுங்லேயில் கூப்பிட்டார்கள், கோஹிமாவில் கூப்பிட்டார்கள். மற்றப் பாட்டுகளை யாரும் கேட்கவில்லை, அது ஒன்றுதான் வேண்டும். தாரி தயங்கினாள். மாவியாவுக்குப் போக வேண்டும். அவர்கள் சண்டை முழுவதும் எங்கள் கூரை வழியாக எங்களுக்குக் கேட்டது.

"ஒவ்வொரு ஊர்லயும் அவளைப் புதைச்சிட்டு வர்ற மாதிரி இருக்கு எனக்கு."

"எனக்கு அந்தப் பாட்டுல மட்டுந்தான் அவ இருக்கா, தாரி. பாடலேன்னா எங்க போய்ப் பாப்பேன்?"

போனார்கள்.

ஷில்லாங்கில் பெரிய மைதானம். நானும் என் கணவரும் உறவுக்காரர் வீட்டுக்குப் போன சாக்கில் பார்க்கப் போயிருந்தோம். மேளம் தொடங்கியபோது அங்கே யாரும் அமைதியாகவில்லை. அவர்களுக்கு அந்தத் தட்டு சாவு வீட்டுத் தட்டு இல்லையே. தாரி பெயரை உறுமினாள். கூட்டம் திருப்பிக் கத்தியது. "ரெமி! ரெமி! ரெமி!" சிரித்துக்கொண்டு, குதித்துக்கொண்டு, கைபேசிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. பந்தாட்டத்தில் ஜெயித்தவன் பெயரைக் கத்துவது போல. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சின்னப் பிள்ளைகள், சந்தோஷமாக இருந்தார்கள்.

தாரி நிறுத்தினாள். மைக்கைக் கீழே மெதுவாக வைத்தாள், தூங்கும் பிள்ளையைக் கிடத்துவது போல. மேடையைவிட்டு இறங்கினாள். மாவியா தலை நிமிராமல் கொஞ்ச நேரம் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு அவனும் நிறுத்தினான். கூட்டம் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டியது.

அவர்கள் வண்டியிலேயே நாங்களும் திரும்பினோம். சில்சரில் சாப்பிட நிறுத்தியபோது மாவியா அவளுக்குத் தேநீர் வாங்கிக்கொண்டு வந்தான். "உன்னை நான் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாது" என்றான். அவள் கோப்பையை வாங்கிக்கொண்டாள். "அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்" என்றாள். அவ்வளவுதான்.

த்லாலேர் அதோடு முடிந்தது. தாரி அதன்பிறகு உறுமவே இல்லை. சபைக் குழுவுக்குத் திரும்பினாள். ஆனால் மேலே ஏறும் அந்தக் குரல் வரவில்லை. பின்வரிசையில் நின்று தாழ்ந்த பகுதியைப் பாடுகிறாள். மறுபடி பிள்ளை உண்டாகவில்லை. மாவியா சனிக்கிழமைகளில் கொட்டகையில் தனியாக வாசிப்பான். ஒருநாள் நான் மேலே இருந்தபோது அவளைக் கேட்டான்.

"ஒரே ஒரு பாட்டு, ரெமி அம்மா. வேற ஏதாவது. அந்த மாடு மேய்க்கிற பாட்டாவது."

"நீ வாசி. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அவன் வாசித்தான். அவள் மூங்கில் கூடையில் மிளகாய் ஆய்ந்துகொண்டே கேட்டாள். அவள் குரல் வர வேண்டிய இடம் வந்தபோது அவன் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டு வாசித்தான்.

இப்போது எங்கள் பேட்டையில் மூச்சு விடாமல் பிறக்கும் பிள்ளைக்கும் அறிவிப்பு உண்டு. ஒரு சாயங்காலம் கூடிப் பாடவும் செய்கிறோம். மூப்பர் ரோகாமாதான் சபையில் எழுந்து அதைக் கேட்டு வாங்கினார். பெற்றவர்கள் பெயர் சொன்னால் மாவியா அதை ஒலிபெருக்கியில் சொல்வான். குரல் நடுங்காமல், இரண்டு முறை சொல்வான். அப்படிப்பட்ட வீடுகளுக்கு தாரி தவறாமல் போவாள். பாட்டுப் பாடுபவர்களோடு உட்கார மாட்டாள். உள்ளறையில் படுத்திருக்கும் தாயின் பக்கத்தில் போய், ஈரத்துணியோடு உட்கார்ந்துவிடுவாள்.