ஓரகத்தி சொன்ன சாட்சி

எங்கள் வவாவு தீவில் பெண்ணுக்கு மரியாதை இல்லை என்று யாராவது சொன்னால் அடிக்க வருவார்கள். சாவு வீட்டில் செத்தவனுடைய அக்காவுக்குத்தான் பாயில் முதல் இடம். தம்பி எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் அக்காவுக்கு முன்னால் வாயடக்கித்தான் இருப்பான். எல்லாம் உண்மைதான். மரியாதை பாய் வரைக்கும் உண்டு. பாய்க்கு அடியில் இருக்கிற மண் மட்டும் ஆம்பளைக்கு.

லாவினியாவின் புருஷன் தானியேலா மீன்பிடிக்கப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச்சேர்ந்தான். பிள்ளை இல்லை. அவன் பேரில் இருந்த தோட்டம் சட்டப்படி விதவையிடம் வந்தது. சாகும்வரை அவள் அனுபவிக்கலாம். ஆனால் மறுபடி கல்யாணம் செய்யக் கூடாது, எந்த ஆணோடும் சேரக் கூடாது. சேர்ந்தாள் என்று நீதிமன்றத்தில் நிரூபித்துவிட்டால், மண் புருஷன் வீட்டு ஆண் வாரிசுக்குப் போய்விடும். பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஆணுக்கு இப்படி ஒரு நிபந்தனையும் கிடையாது. அவன் ஊரெல்லாம் மேய்ந்துவிட்டு வந்தாலும் அவன் கிழங்கு அவன் குழியில்தான் முளைக்கும்.

தானியேலா இருந்த காலத்தில் அந்தத் தோட்டத்தில் பாதி புதர். அவனுக்குக் கடல்தான் பிடிக்கும். லாவினியாதான் வெட்டித் திருத்தி, பெருவள்ளிக் கிழங்கு போட்டு, வனிலாக் கொடி ஏற்றினாள். பூ விடும் பருவத்தில் விடிந்ததும் ஓடுவாள். ஒவ்வொரு பூவையும் விரலால் பிரித்து ஈர்க்குச்சியால் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பூ சுருங்கிவிடும், காய் பிடிக்காது. அந்த மண்ணைத் தவிர அவளுக்கென்று உலகத்தில் வேறெதுவும் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும். எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவள் மெலெனைட்டே.

மெலெனைட்டே அவளுடைய ஓரகத்தி, தானியேலாவின் தம்பி பெண்டாட்டி. அந்தத் தம்பிக்கு மண்ணே கிடைக்கவில்லை. இளையவனுக்கு ஏது மண்? அவனும் செத்துப்போய்விட்டான். அவள் தன் மகன் ஃபெலேட்டியோடு அடுத்த தெருவில் இருந்தாள். ஓரகத்திகள் ஒத்துப்போக மாட்டார்கள் என்பது ஊர்ப்பேச்சு. இவர்கள் நகமும் சதையுமாக இருந்தார்கள். மரப்பட்டைத் துணி தட்டும்போது ஒரே கட்டைக்கு எதிரெதிரே உட்காருவார்கள். லாவினியா தட்டுவாள், மெலெனைட்டே பாதி நேரம் பேசுவாள். அப்படி ஒரு வாய். 'பெண்ணுக்கும் மண்' என்று எங்கள் பக்கத்தில் சங்கம் கண்டதே அவள்தான். தலைநகரிலிருந்து அமைச்சர் வந்தபோது பெரியவர்கள் முன்னால் போகும் வழக்கப்படி இடுப்பில் மரியாதைப் பாய் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்று கேட்டாள்:

“ஐயா, விதவையோட படுக்கைய எட்டிப் பாக்கறதுதான் சட்டத்துக்கு வேலையா? இந்த லாவினியா அக்காவப் பாருங்க. அந்த மண்ணுல ஒரு கொடியாவது எந்த ஆம்பளையாவது நட்டானா?”

கூட்டமே கை தட்டியது. லாவினியாவுக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. பாவி, நம்பினாள்.

அந்தச் சமயத்தில்தான் கெப்புவேலி வந்தான். அவனும் பெண்டாட்டியை இழந்தவன், சொந்தத் தோட்டம் உள்ளவன், பேச்சு குறைவு. பன்றி நுழையாமல் லாவினியாவுக்கு வேலி கட்டிக்கொடுக்க வந்தான். வேலி முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தான்.

“என்னக்கா, நாலு கம்பு நட ஒரு மாசமா?” என்றாள் மெலெனைட்டே, பட்டையைத் தட்டிக்கொண்டே.

“வாயக் கழுவுடி.”

“நான் எதுக்குக் கழுவணும்? இந்தச் சட்டத்த எழுதுன ஆம்பளைங்க எங்கெங்க படுத்தாங்கன்னு யாராவது கேட்டாங்களா? நீ என்ன கல்லா? போக்கா. சனிக்கிழமை என் வீட்டுல பட்டை தட்டறேன்னு சொல்லிட்டுப் போ. மத்தத நான் பாத்துக்கறேன்.”

பார்த்தும் கொண்டாள். இரண்டு வருஷம் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

பிறகு ஃபெலேட்டி கல்யாணம் செய்தான். அவன் மனைவி உண்டானாள். மாமனார் வீட்டில் சோற்றோடு குத்தலும் பரிமாறினார்கள்: மண்ணில்லாத மருமகன். அவன் ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போய் வந்தும் அந்தக் குத்தல் நிற்கவில்லை. ஒருநாள் லாவினியாவுக்கு நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. வழக்குப் போட்டவன் ஃபெலேட்டி, சாட்சி மெலெனைட்டே.

லாவினியா நேராக அடுத்த தெருவுக்கு நடந்தாள்.

“ஏண்டி?”

மெலெனைட்டே அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. “உன் மேல எனக்கென்னக்கா கோவம்? அவன் முகத்தப் பாக்க முடியல. உனக்கப்புறம் அவனுக்குத்தானே வரப்போவுது? கொஞ்சம் முன்னாடி வருது. அவ்ளோதான்.”

“அப்ப நான் சாகறவரைக்கும் பொறுத்திருக்கலாமேடி.”

“உனக்கு ஆயுசு கெட்டிக்கா,” என்றாள் மெலெனைட்டே. விளையாட்டுக்குச் சொன்னாளா நிஜமாகவே சொன்னாளா, லாவினியாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நெயாஃபு நகரத்தில் விசாரணை. மெலெனைட்டே பைபிள்மேல் கை வைத்து, அமைச்சர் முன்னால் பேசியதுபோலவே கணீரென்று பேசினாள். “என் வீட்டுல பட்டை தட்டப் போறேன்னு ஊருக்குச் சொல்லிட்டு அவன் வீட்டுக்குப் போவாங்க. எனக்கு நல்லாத் தெரியும். நான்தான்…” அங்கே நிறுத்திக்கொண்டாள். ஃபெலேட்டியின் வக்கீலும் மேலே தோண்டவில்லை.

கெப்புவேலி லாவினியாவைக் காப்பாற்றத்தான் பார்த்தான். வாழ்நாளில் பொய் சொல்லிப் பழகாதவன். “நாங்க ஜெபம் பண்ணத்தான் சந்திச்சோம்” என்றான். கோர்ட்டே சிரித்தது.

லாவினியா எழுந்தாள். “அவரு பொய் சொல்றாருங்கய்யா. எனக்காகச் சொல்றாரு. நாங்க சேந்துதான் இருந்தோம். அவருக்கும் மண்ணு இருக்கு, அவரும் பொண்டாட்டிய இழந்தவருதான். ஒரே தப்பத்தான் ரெண்டு பேரும் பண்ணோம். அவரு மண்ணையும் எடுப்பீங்களா?”

“சட்டத்தில் அதற்கு இடமில்லை, அம்மா,” என்றார் நீதிபதி. நல்ல மனிதர்தான். குரலில் வருத்தம்கூட இருந்தது. வருத்தத்தை வைத்து என்ன செய்வது?

தோட்டம் ஃபெலேட்டிக்குப் போனது. வனிலா காய் முற்றும் முன்பே லாவினியா தன் கூடப்பிறந்த தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். அங்கே ராஜமரியாதை, நல்ல பாய், முதல் தட்டு. அவள் எதையும் தொடவில்லை. கெப்புவேலி வந்து, இனித் தடை ஒன்றும் இல்லையே, கட்டிக்கொள்ளலாம் என்றான்.

“கட்டிக்கிட்டா உன் மண்ணுல வந்து நிக்கணும். நாளைக்கு நீ போயிட்டா, மறுபடி எவளாவது என் படுக்கைய எண்ணுவா. வேணாம்ப்பா. அப்பப்ப வந்து பேசிட்டுப் போ.”

பருவம் ஒன்று கழிந்து மெலெனைட்டே வந்தாள். கூச்சமில்லாமல் அக்கா என்றே கூப்பிட்டாள். தலைநகரில் சங்கத்தின் பெரிய கூட்டமாம், வானொலியில் போடுவார்களாம்.

“நீ வந்து உன் கதையச் சொல்லணும்க்கா. உன்ன மாதிரி யாருக்கு நடந்துச்சு? கேட்டா கல்லும் கரையும். சட்டம் மாறும்க்கா.”

லாவினியாவுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“யாரு சாட்சி சொன்னாங்கன்னும் சொல்லவா?”

“அது எதுக்கு? அது குடும்ப விஷயம்.”

“என் கதைய எனக்கு மேல நல்லாச் சொல்லத் தெரிஞ்சவ நீதான்டி. கோர்ட்டுல சொன்னியே, அதே மாதிரி அங்கயும் போய்ச் சொல்லு. எழுந்திரு.”

சுருக்கென்று தைக்கட்டும் என்றுதான் சொன்னாள். மெலெனைட்டேவுக்குத் தைக்கவில்லை. நிஜமாகவே கப்பல் ஏறிப் போய்ச் சொன்னாள்.

மறுவாரம் சங்கத்துத் தலைவி தலைநகரிலிருந்து போன் செய்தாள். லாவினியா அவளைப் பார்த்ததுகூட இல்லை.

“லாவினியாம்மா, உங்க கதையக் கேட்டு மண்டபமே அழுதுச்சும்மா. உங்க ஓரகத்தி பாதியில பேச முடியாம விம்மிட்டாங்க. யாரோ சொந்தக்காரங்களே காட்டிக்குடுத்துட்டாங்களாமே, யாருன்னு கேட்டோம். உங்க மனசு நோகும்னு சொல்லவே மாட்டேன்னுட்டாங்க. இந்தக் காலத்துல இப்படி ஒருத்தி கிடைக்கறதுக்கு நீங்க குடுத்து வச்சிருக்கணும்.”

லாவினியா போனைக் காதில் வைத்தபடி நின்றாள். ஒரு பெயரைச் சொன்னால் போதும். சொன்னால் மறுநாள் தீவுக்குத் தீவு ஆம்பளைகள் சிரிப்பார்கள். சங்கமா, அவளுகளே ஒருத்தியை ஒருத்தி விற்கிறாளுக என்பார்கள். சட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும். அடுத்த விதவையின் மண்ணும் போகும். மெலெனைட்டேவுக்கு இதுவும் தெரியும். தெரிந்துதான் தைரியமாக விம்மியிருக்கிறாள்.

“என்னம்மா, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்,” என்றாள் லாவினியா. “நீங்க சொல்றது சரிதான். குடுத்து வச்சவதான் நான்.”

அந்த அம்மாள் சந்தோஷமாக நன்றி சொல்லிவிட்டு போனை வைத்தாள்.