தட்டினால் விட வேண்டும்

வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது கரிக்கலாம்பாக்கத்து வண்டிக்காரர் ஒருவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வாத்தியாரே, உங்க வாத்தியாரு பூட்டாருங்க. காத்தாலதான். சாயங்காலம் எடுத்துடுவாங்களாம்."

தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். குஸ்தி கற்றுக்கொடுத்தவருக்கெல்லாம் விடுப்பு உண்டா என்று கேட்டார். மணி அடித்ததும் போகலாம் என்றார். மணி அடித்து, வில்லியனூரில் வண்டி பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்க்கவில்லை. தலைமை ஆசிரியரும் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

சவரிநாதனை உங்களில் பலர் சைகோன்காரர் என்றுதான் அறிவீர்கள். சைகோன் துறைமுகத்தில் சுங்கக் காவலராக இருந்தவர். அங்கே புகைப்படக் கடை வைத்திருந்த ஜப்பானியர் ஒருவரிடம் ஜுஜுத்ஸு கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். எதிராளியின் வேகத்தைக் கொண்டே அவனைச் சாய்க்கிற வித்தை அது. நம் பக்கத்தில் அதற்கு ஜப்பான் குஸ்தி என்று பெயர் வைத்துச் சிரித்தோம். அவர் என்னைவிட இளையவர். ஒருவரையொருவர் வாத்தியாரே என்று கூப்பிட்டுக்கொண்டோம். அவர் மனைவி மதலேனம்மாள், "யாரு யாருக்கு வாத்தியாருன்னு மொதல்ல முடிவு பண்ணுங்கபா, அப்புறம் காப்பி போடறேன்" என்பார்.

நான் அவரைத் தேடிப் போன காரணம் உங்களுக்குத் தெரியும், தெரியாதவர்போல இருக்கிறீர்கள். ஒரு தேர்தலில் ஓட்டுப் போட மேரிக்கு, நம் நகரசபைக் கட்டடத்துக்கு, போனேன். என் ஓட்டு ஏற்கனவே விழுந்துவிட்டது என்றார்கள். நான் இப்போதுதானே வருகிறேன் என்றேன். பண்ணையாரின் ஆட்கள் என் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் வாய்க்கால் சேற்றில் உட்கார வைத்தார்கள். என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் தகப்பன்மார் கரையில் நின்று பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். யார் என்று அவருக்குத் தெரியும்.

அதன்பிறகு எனக்கு நல்ல வாத்தியார் ஒருவர் வேண்டியிருந்தது. பாகூரில் சிலம்பம் சொல்லிக்கொடுத்தவர் முதல் நாளே, தேர்தல் சமயத்தில் நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்று கேட்டார். அவரிடம் கற்றவர்களை அவர்தான் இரு கட்சிக்கும் பிரித்து அனுப்புவார் என்று பிறகு தெரிந்தது. திருக்கனூரில் ஒரு பயில்வான். அவருக்கு எண்ணெய் தேய்ப்பதுதான் ஆரம்பப் பயிற்சி. மாதக்கணக்கில் தேய்த்தேன். அவர் முதுகைத் தவிர வேறெதையும் கற்கவில்லை.

சவரிநாதனை முதலில் பார்த்தது அவருடைய கரும்புக் கொல்லையில். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"யாரையாச்சும் அடிக்கணுமா?"

பண்ணையாரின் பெயரைச் சொன்னேன்.

"அப்ப அவரு செத்தப்புறம் வாங்க. சொல்லித் தரேன்."

திரும்பத் திரும்பப் போனேன். பெயரைச் சொல்லாமல் நின்ற ஒரு வியாழக்கிழமை, கொல்லை ஓரத்தில் குவித்திருந்த காய்ந்த கரும்புச் சோகையைக் காட்டி, "அதும்மேல வுழுங்க" என்றார். விழுந்தேன். தப்பு என்றார். அந்தப் பருவம் முழுவதும், பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை நாளான வியாழன்தோறும் போய் விழுந்தேன். பின்பக்கம், பக்கவாட்டில், உருண்டு. "வுழறதுக்குக்கூட வாத்தியாரு வெச்சிக்கிற ஆளு இவருதான்" என்று மதலேனம்மாள் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பிறகு பிடிகள் வந்தன. கன்னியப்பன் அப்போதே அங்கே இருந்தான். பண்ணையார் நிலத்தில் கூலிக்கு உழுதவன். எங்களில் கை தேர்ந்தவன் அவன்தான். பிடிகளுக்கு ஒரே சட்டம் இருந்தது. பிடிபட்டவன் தரையைக் கையால் தட்டினால், பிடித்தவன் அந்த க்ஷணமே விட்டுவிட வேண்டும். "தட்டுனா வுட்டுடணும். ஏன் தட்டுறான்னு கேக்கக் கூடாது" என்பார். விடத் தாமதித்தவனை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நான் தாமதித்ததில்லை. ஆனாலும் ஒரு தடவை என்னைப் பார்த்து, "உங்க கை வுட்டுடுது வாத்தியாரே, மூஞ்சிதான் வுடமாட்டேங்குது" என்றார். கன்னியப்பன் வாய்விட்டுச் சிரித்தான்.

மறு தேர்தல் வந்தது. பண்ணையார் சவரிநாதனுக்கு ஆள் அனுப்பினார்: உங்கள் பையன்களை மேரி வாசலுக்கு அனுப்புங்கள். சவரிநாதன் மாட்டேன் என்றார். பண்ணையாருக்குப் பையன்களைக் கேட்கத் தேவையிருக்கவில்லை. அவர் நிலத்தில்தானே அவர்கள் கஞ்சி. கன்னியப்பன் கொல்லைக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "போய்ட்டு வா. எனக்கு உம்மேல வருத்தம் இல்ல" என்றார் சவரிநாதன். எனக்கு இருந்தது.

ஓட்டுப் போட நானும் சவரிநாதனும் சேர்ந்து போனோம். அவருடைய ஓட்டும் விழுந்துவிட்டதாம். அவர் கோபப்படவில்லை. "நான் இன்னும் வரலியே முசே. வந்தவன் யாருன்னு சொன்னா அவனப் பாத்துட்டாவது போறேன்" என்று மேரி அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் படியிலேயே நின்றார். வரிசையில் சிரிப்பு எழுந்தது. பண்ணையாரின் கணக்கப்பிள்ளை கண்ணைக் காட்ட, கன்னியப்பன் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். அவர் சொல்லித் தந்த பிடி. மிகச் சுத்தமாகப் பிடித்தான். அவர் முழங்கால் மடங்கிக் கீழே போனார். போனவர், கையால் கல்லைத் தட்டினார்.

கன்னியப்பன் விட்டுவிட்டான். வேண்டுமென்று விடவில்லை, அவன் முகத்தைப் பார்த்தேன். கை தானாக விட்டது. வெறுங்கையோடு அவன் விழித்துக்கொண்டு நின்றான். பின்னாலிருந்து சவரிநாதன்மேல் தடிகள் இறங்கின.

நான் அப்போது என்ன செய்தேன் என்று உங்களில் சிலர் இன்றுவரை கேட்கிறீர்கள். என்னை ஒருவன் பின்னாலிருந்து கட்டிப் பிடித்திருந்தான். எந்தப் பிடியிலும் சேராத, மாட்டைப் பிடிக்கிற மாதிரி ஒரு பிடி. கற்றதையெல்லாம் செய்து பார்த்தேன். ஒன்றும் அவனிடம் செல்லவில்லை. அவர் விலாவில் அடி விழுகிற சத்தம் கேட்டபோது என்னையறியாமல் அவன் தொடையைத் தட்டினேன். அவனுக்கு அது என்னவென்று தெரியாது. இன்னும் இறுக்கினான்.

மேரிப் படியில் தவறி விழுந்தார் என்று போலீஸார் எழுதிக்கொண்டார்கள். இந்தச் சீமையிலேயே விழத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

கன்னியப்பனைத் தூக்கி எறிந்திருக்கலாமே என்று கட்டுப் போட்டுக் கிடந்தவரிடம் கேட்டேன். "எங்க எறியறது? கல்லுப் படி. அந்தப் பக்கமா வுழறதுக்கு அவனுக்கு நான் இன்னும் சொல்லித் தரல வாத்தியாரே" என்றார்.

விலா கூடியது, மூச்சு கூடவில்லை. கரும்புக் கொல்லை வரைக்கும் நடந்தால் உட்கார்ந்துவிடுவார். சோகைக் குவியலில் மாடு மேய்ந்தது. பையன்கள் யாரும் வரவில்லை. நான் மட்டும் வியாழக்கிழமைகளில் போனேன், விழுவதற்கல்ல, அவரைத் தூக்கி உட்கார வைப்பதற்கு.

கடைசியாகப் பார்த்த பகலில் அவரால் பேச முடியவில்லை. மூச்சுக்காகத் தோள்கள் ஏறி இறங்கின. அவர் கை பாயை விட்டு நகர்ந்து தரையைத் தட்டியது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும். நான் அவர் முதுகைத் தாங்கியிருந்த கையை எடுத்தேன். மதலேனம்மாள் போர்வையை விலக்கினார், ஜன்னலைத் திறந்தார். அவர் இல்லையென்று தலையை அசைத்துவிட்டுத் தட்டிக்கொண்டே இருந்தார். "இன்னா கேக்குறாருன்னு சொல்லுங்க வாத்தியாரே, உங்களுக்குத்தான் தெரியும்" என்று அந்த அம்மாள் அழுதார். எனக்குத் தெரிந்தது. விடவேண்டியவர் யாரும் அந்த அறையில் இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் கன்னியப்பன். குவித்து முடித்துவிட்டு மண்வெட்டியைப் போட்டான். மற்றவர்கள் கலைந்தார்கள். அவன் என்னிடம் வந்தான். என் காலருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், தரையைக் கையால் தட்டினான்.

ஏன் என்று கேட்கக் கூடாது. நான் கேட்கவில்லை. அவன் தோளைத் தொட்டு, "எழுந்திருடா, போ" என்றேன். அவன் எழுந்து என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சவரிநாதனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கை மட்டும்தான். அது விட்டுவிடுகிறது. முகத்துக்கு அவர் சொல்லித் தருவதற்குள் போய்விட்டார்.